அங்கன்வாடியும் பெற்றோரும்

1975 அக்டோபர் 2 அன்று 33 திட்டப் பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்திற்குக் குறிக்கோள்கள் ஐந்து. குழந்தையின் உடல்நலத்தையும் ஊட்டத்தையும் தாமே பேணும் திறனைத் தாய்மாரிடம் வளர்ப்பது அவற்றுள் ஒன்றாகும். துணை உணவையும் தடுப்பூசியையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதலாம். தாயின் திறனை அவ்வாறு எழுத இயலாது. அப்பணி பின்தங்கியதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குரிய துணை உணவு வீட்டிற்கே கொடுத்தனுப்பப்படுகிறது. அங்கே அது பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடப்படுவதுண்டு. இதற்காகத் தாயைக் குறைகூறுவது நியாயமன்று. ஒரு பிள்ளைக்கு ஊட்டும்போது மற்றவற்றைப் பார்த்திருக்கச் செய்ய எந்தத் தாய்க்கு மனம் வரும்? தாய்ப்பால் மட்டும் போதுமான ஆறு மாதங்கள் கடந்த பின், குழந்தைக்கு என்ன உணவு, நாளில் எத்தனை முறை என்பதை வீடே முடிவு செய்கிறது. ஊட்டக்குறைவு வேரூன்றும் பருவமும் அதுவே.

இங்குப் பெரிதும் பயன்படக்கூடியது வளர்ச்சி அட்டை. மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, எடையைப் புள்ளியாக இட்டு, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கின்றனர். கோடு மேலேறாமல் படுத்துவிட்டால், குழந்தை பார்வைக்கு நலமாக இருப்பினும், அது எச்சரிக்கையாகும். பணியாளர் கோட்டை வரைந்து அட்டையை அலமாரியில் வைத்துவிட்டால் தாய்க்கு எதுவும் தெரியாது. அவர் அதைத் தாயிடம் காட்டி, "சென்ற மாதம் வயிற்றுப்போக்கு இருந்ததா? நீங்கள் வயலுக்குச் சென்றால் யார் ஊட்டுகிறார்கள்?" என்று வினவினால் உண்மை வெளிப்படும். ஊட்டுபவர் பாட்டியானால் அறிவுரை பாட்டிக்கே உரியது.

காலை நேரக் கூட்டத்திற்கு வருவதென்றால் விவசாயக் கூலிப்பெண் அன்றைய கூலியை இழக்க வேண்டும். நடவுக் காலத்தில் மாலையில் வீடு தேடிச் செல்வதே பொருத்தம். ஆனால் மதிப்பூதியம் பெறும் பணியாளரிடம் இதனையும் எதிர்பார்ப்போர், அவர் சுமக்கும் பதிவேடுகளைக் குறைக்கவும் முன்வர வேண்டும். 2018இல் தொடங்கிய ஊட்டச்சத்து இயக்கத்தின் சமுதாய நிகழ்ச்சிகளில் கணவர்களை அழைத்துப் பேசவும் இடம் வகுக்கப்பட்டது. காய்கறிக்கும் முட்டைக்கும் பணம் ஒதுக்குவது பல வீடுகளில் அவர்கள் கையிலேயே உள்ளது.

2021 முதல் குழந்தைகளின் எடை கைபேசிச் செயலியில் பதிவாகிறது. மேலலுவலகம் அதனை விரைவில் அறிந்துகொள்கிறது. தாய் அறிந்தாளா என்பதை மேற்பார்வையாளர் தம் வருகையின்போது தாயிடமே கேட்டறிய வேண்டும்.