உருக்குத் தகட்டின் வலிமையும் விறைப்பும்

1. முன்னுரை

மேற்கு மலைத்தொடரில் செங்கோட்டைக் கணவாயின் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று, இலத்தூர், ஆய்க்குடி, தென்காசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வெளிகளில் ஆனி, ஆடித் திங்கள்களில் ஓயாது வீசுவதாகும். பண்டு இக்காற்றின் பெருமை குற்றாலத்துச் சாரலோடு நின்றது. இன்றோ அது மின்னாற்றலுக்கும் ஊற்றாக உள்ளது. இப்பகுதிக் காற்றாலைகளுள் பலவற்றின் கோபுரங்கள் உருக்குத் தகட்டை வளைத்துப் பற்றவைத்த நெடுங்குழாய்களே. அக்கோபுரத்திற்கு இரு கடமைகள் உண்டு. எத்துணைக் காற்று மோதினும் அது ஒடிதல் கூடாது. உச்சியில் அளவிறந்து அசைதலும் கூடாது.

ஒடியாமை ஒரு பண்பு. அசையாமை மற்றொரு பண்பு. ஆயினும் பேச்சுவழக்கில் இவ்விரண்டையும் 'உறுதி' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றோம். இவ்வாறு சொல் மயங்கின் பொருளும் மயங்கும். பொருள் மயங்கின் கணக்குப் பிழைபடும். உருக்குத் தகட்டின் வலிமை எவ்வாறு வளர்க்கப்படுகின்றது, விறைப்பு ஏன் அவ்வாறு வளர மறுக்கின்றது என்பவற்றை விளக்கி, இவற்றைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களை வரையறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

இரும்பு, கரும்பொன், எஃகு, உருக்கு என இவ்வுலோகத்தைச் சார்ந்த சொற்கள் தமிழில் பலவாக உள்ளன. கரும்பொன் என்பது நிறத்தால் வந்த பெயர் என்பது வெளிப்படை. எஃகு, ஆய்த எழுத்திற்கு உரையாசிரியர்கள் பலகாலும் எடுத்துக்காட்டும் சொல். திருக்குறளில் பொருள்செயல்வகை என்னும் அதிகாரத்தில் இது படைக்கருவி என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. உருக்கு என்பது உருக்குதல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது, செய்முறையே பெயராயிற்று. ஐரோப்பியர் நம் நாட்டு உருக்கை 'ஊட்ஸ்' என வழங்கினர். அது கன்னடத்து 'உக்கு' என்பதன் திரிபு என்பர் பலர். உக்கு, உருக்கு ஆகிய இரண்டும் ஓரினச் சொற்களே.

பொருளின் பெயர்கள் இவ்வாறு தெளிவாய் அமைய, பண்பின் பெயர்களே மயங்கிக் கிடக்கின்றன. ஆதலின் இக்கட்டுரையில் நான்கு சொற்களைப் பின்வருமாறு வரையறுத்து ஆள்வோம். நிலையாக உருமாறாமலும் அறாமலும் சுமையைத் தாங்கும் ஆற்றல் வலிமை. சுமையின்கீழ் வளையாமலும் நீளாமலும் நிற்கும் இயல்பு விறைப்பு. கீறலையும் தேய்வையும் தடுக்கும் இயல்பு வன்மை. விரிசல் பரவாது அடியைத் தாங்கும் இயல்பு உரம். கண்ணாடி வன்மை மிக்கது, உரம் அற்றது. மூங்கிற்கழி வலிமை உடையது, விறைப்புக் குறைந்தது. ஆகவே இவற்றுள் ஒன்றிருப்பின் மற்றொன்றும் இருக்கும் எனக் கொள்ளுதல் தவறு.

3. பழந்தமிழகத்து உருக்கு

இரும்பின் தொன்மையை ஆராய்வார்க்கு இலத்தூர்ப் பகுதி அயலான நிலம் அன்று. குற்றாலத்தில் அருவியாய் வீழும் சிற்றாறு கிழக்கே ஓடித் தாமிரபரணியொடு கலக்கின்றது. அக்கலப்பிற்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. 1876-ஆம் ஆண்டில் சாகர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும் அங்கு அகழ்ந்தனர். தாழிகளோடு வாள், ஈட்டிமுனை முதலிய இரும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. அதன் அண்மையில் உள்ள சிவகளையின் இரும்புச் சான்றுகள் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சார்ந்தவை எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025-ஆம் ஆண்டு சனவரியில் அறிவித்தது. இக்காலக் கணிப்பை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். அஃது எவ்வாறு முடியினும், இரும்பின் தொன்மை வேறு, உருக்கின் தொன்மை வேறு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

உருக்குக்குரிய நேர்ச்சான்று மூசையே. நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வு உருக்குத் தொழிலின் உலைகளை வெளிப்படுத்தியது. பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து மேல்சிறுவலூரில் உருக்குக் காய்ச்சிய மூசைத் துண்டுகளைப் பேராசிரியர் சாரதா சீனிவாசன் கண்டு ஆராய்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகளால் தொழில்முறையும் அறியப்படுகின்றது. இரும்புத் துண்டுகளை ஆவாரை விறகோடு மண்மூசையில் இட்டு, எருக்கு முதலியவற்றின் இலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, உலையில் நெடுநேரம் ஊதுவர். விறகும் இலையும் கரியாக, அக்கரி இரும்பினுட் புகும். கரி புகப்புக இரும்பு உருகும் வெப்பநிலை தாழும்; ஆதலின் தூய இரும்பு உருகாத உலையிலும் இக்கலவை உருகிற்று. ஆறியபின் மூசையை உடைத்து உருக்குக் கட்டியை எடுத்தனர். அதில் கரியின் அளவு நூற்றுக்கு 1 முதல் 2 வரை இருக்கும்.

4. கலவை

கலவையின் ஆராய்ச்சி மேலைநாட்டில் வளர்ந்தமைக்கு இந்திய உருக்கும் ஒரு தூண்டுகோல் ஆயிற்று. 1795-ஆம் ஆண்டில் சார்சு பியர்சன் இதனை ஆராய்ந்து இலண்டன் அரச கழகத்தில் கட்டுரை வெளியிட்டார். மைக்கேல் பாரடே, சேம்சு சுதோடார்ட்டு என்பாரொடு சேர்ந்து, இவ்வுருக்கின் இயல்பைக் கலவையால் உண்டாக்க முயன்று, 1820-லும் 1822-லும் கலப்புருக்குப் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். சென்னை மாகாணத்தில் கும்பினிப் பணியில் இருந்த சோசையா மார்சல் ஈத், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர். அவர் 1839-ஆம் ஆண்டில் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். உருக்கிலுள்ள கந்தகம் இரும்பொடு கூடின், காய்ச்சி அடிக்கும்போது உருக்கு பிளக்கும். மாங்கனீசு அக்கந்தகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டு அத்தீங்கை நீக்குகின்றது.

மிகச் சிறிய அளவும் பெரும்பயன் விளைக்கும் என்பதற்குப் பழைய உருக்கே சான்று. தமாசுகு வாளின் மேல் தோன்றும் நீர்வரி போன்ற கோலம் எவ்வாறு அமைந்தது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்கே உள்ள வனேடியம் போன்ற தனிமங்கள், இரும்பும் கரியும் கூடிய சிமென்டைட்டுத் துகள்களை வரிவரியாக அணிவகுக்கச் செய்கின்றன என அமெரிக்க அறிஞர் வெர்கோவன் முதலியோர் 1990-களில் விளக்கினர்.

இற்றைநாள் தகட்டு உருக்கிலும் இவ்வுண்மையே ஆளப்படுகின்றது. வளைத்தும் அழுத்தியும் உருவாக்க வேண்டுதலின், தகட்டில் கரியின் அளவு மிகக் குறைவு. பெரும்பாலும் நூற்றில் 0.2 பங்கிற்கு உட்பட்டதே. மாங்கனீசு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டும், நியோபியம், டைட்டானியம், வனேடியம் ஆகியவை நூற்றில் ஒன்றின் சிறு கூறும் சேர்க்கப்படுகின்றன.

5. உள்ளமைப்பு

கலவை ஒன்றாயினும் உள்ளமைப்பு வேறாயின் உருக்கும் வேறாகும். இதனைக் கொல்லர் தொழில்வழி அறிவர். ஒரே கம்பியில் அடித்த இரண்டு அரிவாள்களுள், பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் இட்டது வன்மை பெறும். உலையோரத்தில் மெல்ல ஆறியது கூர் மழுங்கும். தோய்ச்சலால் எத்தனிமமும் கூடவில்லை, குறையவும் இல்லை. அணுக்களின் அடுக்கே மாறியது.

இரும்பு எண்ணிறந்த சிறு படிகமணிகளால் ஆனது. ஒவ்வொரு மணியிலும் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. ஆயின் அவ்வடுக்கில் ஆங்காங்கே பிறழ்ச்சிகள் உண்டு. பெரும் பாயை ஒருசேர இழுத்தல் அரிது. அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பைத் தள்ளிச் செல்லுதல் எளிது. அதுபோலவே, அடுக்குப் பிறழ்ச்சி நகர்வதனாலேயே உலோகம் நிலையாக உருமாறுகின்றது. எனவே பிறழ்ச்சியின் வழியை அடைத்தலே வலிமையை ஆக்கும் முறை.

அடைக்கும் வழிகள் நான்கு. முதலாவது, மாங்கனீசு, சிலிக்கன் போன்ற அயலணுக்களை அடுக்கிற் கலத்தல். இரண்டாவது, மணிகளைச் சிறியவாக்குதல். மணியின் எல்லையில் பிறழ்ச்சி தடைப்படும். எல்லை மிகின் தடையும் மிகும். ஆல் 1951-லும் பெட்சு 1953-லும் இதன் அளவையைக் காட்டினர். மணியின் விட்டம் நான்கில் ஒன்றாயின், எல்லையால் வரும் வலிமைக்கூறு இருமடங்காகும். மூன்றாவது, நியோபியம் முதலியவற்றின் நுண்துகள்களை மணிகளுள்ளே விதைத்தல். நான்காவது, விரைந்து குளிர்வித்து மார்ட்டென்சைட்டு என்னும் அமைப்பை ஆக்குதல். கரியணுக்கள் வெளியேறக் காலமின்றி அடுக்கினுள் சிறைப்படுவதால் இவ்வமைப்பு மிக்க வன்மை உடையதாகின்றது. கொல்லரின் தோய்ச்சல் இதுவே.

மார்ட்டென்சைட்டு மட்டும் நிறையின் தகடு வளைக்கும்போது வெடிக்கும். ஆதலின் மெல்லிய ஃபெரைட்டுப் பரப்பில் மார்ட்டென்சைட்டைத் தீவுகளாக அமைத்து 'இருநிலை உருக்கு' ஆக்குகின்றனர். அது வளையவும் செய்யும்; வளைந்தபின் மேலும் வலுக்கவும் செய்யும். இம்முறைகளால் மெல்லுருக்குத் தகட்டின் வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 200 முதல் 250 நியூட்டன் என்னும் நிலையிலிருந்து 1,200 நியூட்டனுக்கு மேலும் உயர்ந்துள்ளது.

6. விறைப்பு ஏன் மாறவில்லை?

இனி விறைப்பை நோக்குவோம். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் உடைய மெல்லுருக்குக் கம்பியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அஃது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். அதே அளவுள்ள, மிக வலிய இசைக்கருவிக் கம்பியில் அவ்வெடையைத் தொங்கவிட்டாலும் அதே அரை மில்லிமீட்டரே நீளும். மெல்லுருக்குக் கம்பி ஏறத்தாழ 40 கிலோவில் அறும். வலிய கம்பி 200 கிலோ வரையும் தாங்கும். அறும் எல்லை ஐந்து மடங்கு வேறுபட, நீளும் அளவோ வேறுபடவில்லை.

காரணம் யாதெனின், நீட்சி என்பது அணுவுக்கும் அணுவுக்கும் இடையேயுள்ள பிணைப்பு சிறிது இழுபடுதல். பிறழ்ச்சிகளின் வழியை அடைத்தலால் அப்பிணைப்பு மாறுவதில்லை. ஆகவே விறைப்பை அளக்கும் யங் குணகம், எல்லா உருக்கிலும் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன் அளவிலேயே நிற்கின்றது. நம் அடுக்களை எவர்சில்வரில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. நான்கிலொரு பங்கு அயற்பொருள் கலந்தும், அதன் விறைப்பு மெல்லுருக்கினும் சற்றுக் குறைவே.

எனினும் முற்றும் வழியில்லை என்பது அன்று. இரும்புப் படிகத்தின் விறைப்பு திசைதோறும் வேறுபடும். கனசதுரத்தின் விளிம்பு வழியே ஏறத்தாழ 1,30,000. உட்குறுக்கு வழியே ஏறத்தாழ 2,80,000. உருட்டும் முறையால் மணிகளை ஒருபாற் சாயச் செய்து, ஒரு திசையில் விறைப்பைச் சிறிது உயர்த்தலாம்; ஆயின் பிறிதொரு திசையில் அது குறையும். மற்றொரு வழி, உருக்கினுள் டைட்டானியம் போரைடு என்னும் மிக விறைத்த துகள்களைத் தோற்றுவித்தல். அத்துகள் இரும்பினும் இலேசானதாதலின் எடையும் குறைகின்றது. ஆனால் துகள் மிகமிகத் தகட்டின் உரமும் வளையும் இயல்பும் குறைகின்றன.

7. கனமும் வடிவமும்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தகட்டின் வளைவைத் தாங்கும் வலிமை கனத்தின் இருபடியாகவும், விறைப்பு அதன் முப்படியாகவும் அமையும். ஒருவர் உருக்கின் வலிமையை நான்கு மடங்காக்கித் தகட்டின் கனத்தைப் பாதியாக்கினார் என்க. வலிமைக் கணக்கு நேராகும். சுமையால் தகடு ஒடியாது. ஆயின் அதே சுமையில் அது முன்னினும் எட்டு மடங்கு வளையும். 'உறுதி மிக்க உருக்கு' என்னும் சொல்லை நம்பிக் கனத்தைக் குறைத்தவர் இங்கே இடர்ப்படுவர்.

காற்றாலைக் கோபுரத்திலோ இடர் இன்னும் பெரிது. ஒவ்வொரு கோபுரத்திற்கும் அதற்கே உரிய அசைவு வேகம் உண்டு. அது சுழலியின் வேகத்தோடு ஒன்றின், ஊஞ்சலைக் காலமறிந்து தள்ளினாற்போல அசைவு பெருகிக் கோபுரம் கெடும். அவ்வசைவு வேகத்தை வரையறுப்பது விறைப்பும் எடையுமே. உருக்கின் வலிமை அன்று.

எனவே விறைப்பை வடிவத்தால் தேடுதல் வேண்டும். மெல்லிய குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால், கனம் மாறாவிடினும் விறைப்பு எட்டு மடங்காகும்; உருக்கோ இருமடங்கே செல்லும். கோபுரத்தின் அடி அகன்றிருத்தல் இதனாலேயே. சாரற்காற்றைத் தாங்கும் கூரைத்தகடு அலைபோல் நெளிந்திருப்பதும், எவர்சில்வர்க் குடத்தின் வாய் மடித்துச் சுருட்டப்பட்டிருப்பதும் இவ்விதி பற்றியே.

8. முடிவுரை

கூறியவற்றால் பெறப்படுவன: உருக்கின் வலிமை கலவையாலும் உள்ளமைப்பாலும் வளரும், விறைப்பு, சிறுபான்மை அவற்றாலும் பெரும்பான்மை கனத்தாலும் வடிவத்தாலும் வளரும். ஆகவே ஒன்றை வளர்த்தமை மற்றொன்றை வளர்த்தமை ஆகாது.

தமிழில் பொறியியல் பயில்வோர் பெருகிவரும் இந்நாளில், இவ்விரு பண்புகளையும் 'உறுதி' என ஒன்றாக்கி எழுதும் வழக்கம் பாடநூல்களிலேனும் ஒழிதல் நன்று. வலிமை, விறைப்பு, வன்மை, உரம் ஆகிய நான்கும் நாம் புதிதாகப் படைக்க வேண்டிய சொற்கள் அல்ல. மக்கள் நாவில் உள்ளனவே. கொல்லன் பட்டறையின் தோய்ச்சல், துவைச்சல் முதலிய சொற்களும் அத்தகையனவே. அவற்றைத் திரட்டிப் பொருள்வரையறை செய்து வழங்குதல் மொழித்துறையாரும் பொறியியலாரும் கூடிச் செய்யத்தக்க பணியாகும். சொல் வரையறை பெற்றால்தான் கணக்கும் வரையறை பெறும். அக்கணக்கின்மேல்தான் காற்றை எதிர்த்து நிற்கும் கோபுரம் நிற்கின்றது.