சாம்பல் சொன்ன சாட்சி

இரவில் வெளிச்சம், குளிருக்குக் கணப்பு, கொடிய விலங்குகளிடமிருந்து காப்பு, எளிதில் செரிக்கும் உணவு – இத்தனையும் ஆதி மனிதனுக்குத் தந்தது தீ. அதை அவன் எப்போது கையாளத் தொடங்கினான்?

இதைக் கண்டறிவது எளிதன்று. கற்கோடரி பல லட்சம் ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். சாம்பலோ காற்றில் பறந்துவிடும், மழையில் கரைந்துவிடும். கருகிய எலும்பு கிடைத்தாலும் ஐயம் தீராது. மின்னல் தாக்கிக் காடு எரிந்தாலும் எலும்பு கருகத்தானே செய்யும்?

தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகை இதற்கு விடை தந்தது. குகை வாயிலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே, 10 லட்சம் ஆண்டுப் பழமையான மண் அடுக்கை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். மண்ணைக் கிளறினால் சான்று கலைந்துவிடும் அல்லவா? ஆகவே அதைக் கட்டியாகவே எடுத்து, பிசின் ஊற்றி இறுகச் செய்தனர். பிறகு தாளைவிட மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தனர். செடிகொடிகளின் சாம்பலும், கருகிய எலும்புத் துணுக்குகளும் தெரிந்தன!

அவை காற்றிலோ நீரிலோ அடித்து வரப்பட்டிருந்தால் முனைகள் மழுங்கியிருக்கும். ஆனால் பல துணுக்குகளின் முனைகள் கூர்மையாகவே இருந்தன. மின்னலும் அவ்வளவு ஆழத்தில் புகாது. அதே அடுக்கில் கற்கருவிகளும் கிடந்தன. எனவே குகைக்குள் தீயை எரித்தவர்கள் நம் மூதாதையரே என்ற முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆனால் தீயைப் பயன்படுத்துவது வேறு. தீயை மூட்டுவது வேறு. காட்டுத்தீயிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து வந்து, அணையாமல் காத்திருக்கலாம். அணைந்துவிட்டால்? அடுத்த காட்டுத்தீ வரை இருளும் குளிரும்தான்!

தீ மூட்டியதற்கான சான்று இங்கிலாந்திலுள்ள பார்ன்ஹாமில் கிடைத்ததாக 2025-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அங்கே 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தீயில் வெந்த களிமண்ணும், வெப்பத்தால் வெடித்த கற்கோடரிகளும், இரண்டு பைரைட் துண்டுகளும் இருந்தன. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சிக்கிமுக்கிக் கல்லால் அதைத் தட்டினால் பொறி பறக்கும். அந்த வட்டாரத்தில் பைரைட் மிக அரிது. ஆகவே, தீ மூட்டுவதற்கென்றே யாரோ அதைக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

நாளை இதைவிடப் பழைய சான்று கிடைத்தால் இந்தக் கணக்கும் மாறும். அதுவரை, அடுத்த முறை தீக்குச்சியை உரசும்போது, கொள்ளிக்கட்டையை அணையவிடாமல் இரவெல்லாம் விழித்திருந்தவர்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள்!