அறுபது மணி நேரம், இருபது வளைவு

அசாமின் திப்ருகரில் சாயங்காலம் கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ், மூன்று இரவு கழித்து, ஏறக்குறைய 60 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு சேலம் ஜங்ஷனுக்கு வருகிறது. கன்னியாகுமரி வரை கணக்கிட்டால் தூரம் 4,200 கிலோமீட்டரை ஒட்டி வரும். 2011 நவம்பரில் ஓடத் தொடங்கிய இந்த வண்டியைவிட நீண்ட தடம் இந்திய ரயில்வேயில் வேறில்லை. ஆசைக்காக ஏறுகிறவர்கள் கடைசி நிலையம் வரை போய்ப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் சேலத்தில் இறங்கி, மூட்டையோடு ஏற்காடு பஸ்ஸைத் தேடுகிறவர்களுக்கு இது வேலைக்கு வரும் வழி, அவ்வளவுதான். சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களுக்கு இப்போது வடமாநிலங்களிலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வருபவர்களுக்குத் தன்பாத்–ஆலப்புழை வண்டி இருக்கிறது. அதுவும் சேலம் வழிதான்.

படுக்கை வசதிக்குக் காசில்லாதவர் பொதுப் பெட்டியில் ஏறுகிறார். டிக்கெட்டில் மிச்சமானதை உடம்பு கட்டுகிறது. ஆனால் எங்கே கட்டுகிறது என்று பார்த்தால், கணக்கு நாம் நினைக்கும் இடத்தில் விழுவதில்லை. தூரத்தால் வரும் கேடு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். திப்ருகர் கிட்டத்தட்ட 95 பாகை கிழக்கு, சேலம் 78. கைக்கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தைக் காட்டினாலும், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது இங்கே வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால். அசாம் தேயிலைத் தோட்டங்கள் அதனால்தான் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓடும் 'பாகான் டைம்' என்ற தனி நேரத்தை வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தோட்டத்திலிருந்து ஏற்காட்டுத் தோட்டத்துக்கு வருபவர் தெரியாமலே ஒரு நேர மண்டலத்தைக் கடக்கிறார். விமானத்தில் வந்தால் அந்த ஒரு மணியும் ஒரே நாளில் தலையில் விழும். ரயிலிலோ மணிக்கு ஒரு நிமிடம் வீதம் நகர்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம்வரை தன்னைத் திருத்திக்கொள்ளும் உடற்கடிகாரத்துக்கு இது ஒரு சுமையே இல்லை. மெதுவாகப் போகும் வண்டி இந்த ஒரு விஷயத்தில் ஏழைக்குத் தயவு காட்டுகிறது.

தயவு காட்டாதது இருக்கைதான். இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது. அதைத் திரும்ப மேலேற்றும் வேலை பெரும்பாலும் கெண்டைக்கால் தசையுடையது. நடக்கும்போது அது சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் உள்ள வால்வுகள் ஏறிய ரத்தத்தை இறங்கவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் கணுக்காலருகே சிரைக்குள் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நாலடி எடுத்துவைத்ததும் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பொதுப் பெட்டியில் அந்த நாலடிக்கு இடம் ஏது? நடைபாதையில் ஆள், படியில் ஆள், கால் நீட்டினால் அடுத்தவர் மூட்டை. மணிக்கணக்காக அழுத்தம் இறங்காதபோது நீர் நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிகிறது. சேலத்தில் இறங்கும்போது செருப்பு பாதத்துக்குள் போகாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உயர வைத்துப் படுத்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நிலைமை வேறு. 1940ல் லண்டன்மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தவர்கள் சிலர் திடீரென்று இறந்தார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. அதைக் கவனித்து எழுதியவர் தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடிப்புறத்தை இரவெல்லாம் அழுத்தியதைக் குற்றவாளியாகக் காட்டினார். பலகை இருக்கையின் விளிம்பும் அதே இடத்தில்தான் அழுத்துகிறது. இந்த ரத்தக்கட்டியை விமானப் பயணிகளின் வியாதி என்றே பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2007ல் வெளியிட்ட ஆய்வு ரயில், பஸ், கார், விமானம் எல்லாவற்றையும் சேர்த்தே பேசியது: நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மடங்கானாலும் ஆறாயிரம் பேரில் ஒருவர் அளவுதான். வண்டி நிற்கும் நிலையங்களில் இறங்கி நாலு எட்டு நடப்பது, அது முடியாதபோது உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலை ஏற்றி இறக்குவது, இவற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

தண்ணீரும் இதோடு சேர்ந்தது. கழிவறைக்குப் பத்துப் பேரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால், குறிப்பாகப் பெண்கள், குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வறண்ட உடம்பில் ரத்தம் கெட்டியாகிறது, தலை வலிக்கிறது, சிறுநீர்த் தொற்றுக்கும் கதவு திறக்கிறது. இதற்கு உடற்பயிற்சி சொல்லித் தப்பிக்க முடியாது. கூடுதல் பெட்டிகள்தான் மருந்து.

தூக்கத்துக்கு வருவோம். கனவு காணும் கட்டத்தில் கழுத்துத் தசை உட்பட உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும். படுத்திருப்பவருக்கு அதனால் நட்டமில்லை. உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சரிகிறது, விழிப்பு தட்டுகிறது. மூன்று இரவும் கனவின் வாசல்வரை போய்ப் போய்த் திரும்புகிறார். படுக்க இடம் கிடைத்தாலும் முழுத் தூக்கம் கிடையாது. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருந்து சத்தத்துக்குக் காது கொடுப்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016ல் அளந்து காட்டினார்கள். அது அமைதியான ஆய்வுக்கூடம். பையைத் தலைக்கு வைத்து, செருப்பைப் பைக்குள் வைத்துப் படுத்திருப்பவரின் மூளை எவ்வளவு காவல் காக்கும் என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

சாமான் பலகைக் கம்பிகளுக்கு நடுவே போர்வையை முடிந்து தூளி கட்டிப் படுக்கும் இளைஞர்களைப் பொதுப் பெட்டியில் பார்க்கலாம். விதிப்படி சரியா என்பது வேறு பேச்சு. அறிவியல்படி அவர்கள் கெட்டிக்காரர்கள். கால் உயர்கிறது, கழுத்துக்குத் தாங்கல் கிடைக்கிறது, போதாததற்கு ஆட்டமும். 2011ல் ஜெனீவாவில் 12 ஆண்களை மதியத்தில் ஆடும் கட்டிலில் படுக்கவைத்து, நாலு விநாடிக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில் மெல்ல ஆட்டிப் பார்த்தார்கள். ஆடாத கட்டிலைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். தூக்கமும் ஆழமாக இருந்தது. நம் பாட்டிமார் கட்டணமில்லாமல் சொல்லியிருப்பார்கள்.

விந்தை என்னவென்றால், கிட்டத்தட்ட அதே வேக ஆட்டம்தான் வாந்தியையும் வரவழைக்கிறது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் குமட்டலுக்கு மிக மோசம் என்பது கப்பல் பயண ஆய்வுகளில் தெரிந்தது. மெல்ல ஆடினால் தூக்கம், ஓங்கி ஆடினால் குமட்டல். ரயிலில் 60 மணி நேரம் தாங்கியவர் அடிவாரம் தாண்டிய பஸ்ஸில் விழுவது இங்கேதான். ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிரேக், திருப்பம், மறுபடி முடுக்கம். உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது; முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. இந்தச் சண்டையை மூளை வயிற்றில் தீர்த்துக்கொள்கிறது. ஓட்டுநருக்கு வாந்தி வராததற்குக் காரணம், அடுத்த திருப்பம் அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே முன்பக்க இருக்கை, கண் சாலைமேல், தலை சாய்மானத்தில் அசையாமல். இஞ்சி மரப்பாவுக்கு ஓரளவு ஆய்வு ஆதாரமும் உண்டு. மூன்று இரவு தூங்காத உடம்புக்குக் குமட்டல் இன்னும் எளிதில் வரும்.

சேலத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவதால் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். சளி பிடித்த குழந்தை மட்டும் அழும்.

மஞ்சக்குட்டையில் இறங்கி நின்ற பிறகும் தரை ஆடுவதாகத் தோன்றும். மூன்று நாள் ஆட்டத்தைச் சமன் செய்யப் பழகிய மூளை, ஆட்டம் நின்றது தெரியாமல் இன்னும் சமன் செய்துகொண்டிருக்கிறது. சாதாரணமாக ஒரு நாளைக்குள் சரியாகிவிடும். ஆனால் அந்த நாளில் என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பது முக்கியம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீத மது ஏறியவருடையதுபோல் தடுமாறுவதை ஆஸ்திரேலியர்கள் 1997ல் அளந்திருக்கிறார்கள். இங்கே காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி உயர ஏறியிருக்கும். பறிக்க ஏணி சாத்த வேண்டும். வந்த அன்றே வேலை கேட்பவருக்குக் களத்தில் காப்பிக்கொட்டை கிளறும் வேலையைக் கொடுக்கலாம். ஏணி மறுநாள்.