இயைபு செவிக்கு உரியது

முதலெழுத்து ஒன்றுவது மோனை. இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. அடியிறுதி ஒன்றுவது இயைபு. ஆங்கிலச் செய்யுள் பெரிதும் போற்றுவது இவ்வியைபினையே. ஆயின் அஃது எழுத்து நோக்கியதன்று, ஒலி நோக்கியது. இரவெனப் பொருள்படும் ‘நைற்’, வெண்மையெனப் பொருள்படும் ‘வைற்’ என்பன எழுத்தால் வேறுபட்டும் இயையும். அன்பைக் குறிக்கும் ‘லவ்’, அசைதலைக் குறிக்கும் ‘மூவ்’ என்பன ஈற்றெழுத்துக்கள் ஒத்தும் இக்காலச் செவிக்கு இயையா.

கூந்தற் சுருளொன்றைக் கவர்ந்த கதையை நகைச்சுவைக் காவியமாக்கிய அலெக்சாந்தர் போப், அதன் 1714ஆம் ஆண்டுப் பதிப்பிலே, பணிதலைக் குறிக்கும் ‘ஒபே’ என்பதனோடு தேநீரைக் குறிக்கும் ‘ரீ’ என்பதனை இயைத்தார். இஃது இயைபுக் குற்றமென யான் ஒருமுறை மாணாக்கர்க்குக் கூறினேன். பின்னர் ஆங்கில ஒலி வரலாற்றைக் கற்றபோதே உண்மை தெளிந்தது. அக்காலத்தார் அச்சொல்லை ‘ரே’ என்றும் ஒலித்தனர். சீனத்து ஃபுக்கியென் வழக்கில் அது ‘தே’. நம் ‘தேயிலை’யின் முதலில் நிற்பதும் அதுவே. நாள்தோறும் அச்சொல்லை வழங்கியும் யான் உணர்ந்திலேன். குற்றம் புலவரதன்று, என்னதே. அடுத்த வகுப்பிலே அதனை ஒப்புக்கொண்டேன், மாணாக்கர் நகைத்திலர்.

எழுத்து நிலைத்து நிற்க, ஒலி மாறிச் செல்லும். மறைந்த ஒலிக்குச் சான்று பகர்வது இயைபு. ஆதலின் பழம்புலவர்க்குக் குற்றங் கூறுமுன், அவர் காலத்துச் செவிகொண்டு கேட்டல் ஆசிரியர்க்குக் கடனாகும்.