காய்ந்து கிடந்தாலும் அது ஓடைதான்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிலக்கரி கிடையாது. ஆனால் திறந்தவெளிச் சுரங்கம் உண்டு. பர்கூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் குவாரிகள். ஓசூரைச் சுற்றி ஜல்லிக் கிரஷர்கள். எல்லைக்கு அப்பால் பெங்களூரு வளர வளர, இங்கே கல்லுக்குக் கிராக்கி கூடுகிறது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைவதும் இந்த வழியாகத்தான். அதன் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் மறுநாளே செய்தி வருகிறது. அந்த ஆற்றுக்கு நீர் சேர்க்கும் சின்ன ஓடைகள் கல்லும் மண்ணும் விழுந்து தூர்ந்துபோவது யார் கண்ணிலும் படுவதில்லை. நிலத்தடி நீரைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த ஓடைகளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது நைஸ், கிரானைட், சார்னோகைட் வகைக் கடினப் பாறை. அந்தப் பாறைக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே சிதைந்து உதிர்ந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். பாறை எங்கே விரிந்து வலுவிழந்திருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் மழைநீர் அரித்துப் பள்ளமாக்கும். அதுவே ஓடையாகும். ஆகவே பல இடங்களில் ஓடை போகும் தடத்துக்கு அடியிலேயே வெடிப்பும் போகிறது. மழை பெய்கிற சில நாட்களில் அந்த ஓடை வழியாக இறங்கும் நீர்தான் வருடம் முழுக்கக் கிணறுகளுக்கு ஊறுகிறது. ஓடை பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் அது பயனற்றது என்று நினைப்பது பெரிய தவறு.

குவாரிக் குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் வெடிப்புகளிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கும். வேலை நடக்க வேண்டும் என்பதால் மோட்டார் வைத்து இறைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அதே வெடிப்பில் இருந்தால் மட்டம் இறங்கும். வேறு வெடிப்பில் இருந்தால் ஒன்றும் ஆகாது. வற்றாத ஒரு கிணற்றைக் காட்டி, குவாரிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிடுவதை ஏற்க முடியாது.

நெய்வேலியின் கதை வேறு. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருப்பதால், சுரங்கத்தின் தரை பெயர்ந்து எழாமலிருக்க இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். அங்கே மணல் அடுக்குகளில் நீர் பரந்து கிடப்பதால், ஆய்வுக் கிணறுகளை வைத்துப் பாதிப்பை வட்டாரம் முழுக்க மதிப்பிட முடியும். கிருஷ்ணகிரிப் பாறையில் ஒன்றிரண்டு கிணறுகளை அளந்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

இன்னொரு ஆபத்து கழிவுக்கல். கிரானைட் குவாரியில் வெட்டியதில் விற்பனைக்குத் தேறும் கட்டி கொஞ்சம்தான். மிச்சத்தைக் கொட்ட எளிதான இடம் பள்ளம். ஓடை அடைபட்டால் கீழே உள்ள ஏரிக்கு வரத்து நின்றுபோகும். கிரஷர் தூள் மழையில் அடித்துவரப்பட்டு ஏரியின் அடியில் படிந்தால், ஏரி நிறைந்தாலும் நீர் உள்ளே இறங்காது.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் நிலக்கரிக்காக மலையுச்சிகளைத் தகர்த்து, கழிவைக் கொட்டி ஓடைகளையே புதைத்தார்கள். 1977-ல் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கென்று அங்கே தனிச் சட்டம் வந்தது. 1983-ல் ஓடையிலிருந்து 100 அடிக்குள் தோண்டக் கட்டுப்பாடு வந்தது. 2016 டிசம்பரில் வெளியான கடுமையான ஓடைப் பாதுகாப்பு விதியோ, 2017 பிப்ரவரியிலேயே ரத்தானது. போராடிப் பெற்ற விதியும் ஆட்சி மாறினால் போய்விடும்.

இங்கே 1959-ம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் விடச் சொல்கின்றன. குத்தகை ஆணைகளில் நீர்நிலைகளுக்கும் பாதுகாப்பு தூரம் நிபந்தனையாக வருகிறது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில், 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அருகருகே உள்ள குவாரிகளைக் கூட்டாகக் கணக்கிடும் முறையும் பின்னர் வந்தது. விதிகள் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓடையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதோடு, வெடிப்பு எந்தத் திசையில் போகிறது என்பதையும் குத்தகைக்கு முன்பே ஆராய வேண்டும். ஒரு குவாரியின் ஆழத்தை முடிவு செய்ய வேண்டியது அந்த ஆய்வுதான்.

கருத்துக்கேட்பு தேவைப்படும் திட்டங்களில், கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். தமிழ்ச் சுருக்கமும் கிடைக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படியொரு கூட்டம் என்றால், கிராம வரைபடத்தை எடுத்துப் போங்கள். அதில் உள்ள ஒவ்வொரு ஓடையும் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். குவாரி தொடங்கும் முன்பே, மழைக்கு முன்பும் பின்பும், சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தை அளந்து பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் பின்னால் எந்த இழப்பையும் நிரூபிக்க முடியாது.