ஒரு வால்வு தேறிவர எத்தனை ஆண்டு?

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால்கூட, இதயத்தில் பொருத்திய செயற்கை வால்வு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு வைத்தால் அது ஐம்பது ஆண்டாவது உழைக்க வேண்டும். நடுவில் கழற்றிப் பழுது பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை. உடலுக்குள் வைக்கும் எந்தப் புதுக் கருவிக்கும் பெரிய சிக்கல் இதுதான்: ஐம்பது ஆண்டு உழைக்கும் என்பதை, ஐம்பது ஆண்டு காத்திராமல் எப்படி நிரூபிப்பது?

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ நிறுவனம் இந்தக் கேள்வியோடு பத்தாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. ரூமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன பிள்ளைகள் இங்கே ஏராளம்; வெளிநாட்டு வால்வின் விலையோ ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் 1970களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. வளையத்துக்குள் சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத் தகடு, அதைப் பிடித்து நிறுத்தச் சிறு கம்பிகள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் நொறுங்கும் தன்மை அடைந்து கம்பி முறிந்தது. அடுத்ததில் செயற்கை நீலக்கல்லால் தகடு செய்தார்கள். அதன் கடினம் டைட்டானியக் கம்பியையே தேய்த்துவிட்டது. உலோகத்தை மாற்றினார்கள், இம்முறை நீலக்கல் தகடு உடைந்தது. நான்காவது மாதிரியில் தேறியது, கோபால்ட்-குரோமியக் கலவையில் வளையமும் கம்பிகளும், வழவழப்பான ஒருவகை பிளாஸ்டிக்கில் தகடும் வைத்த வால்வு. நீலக்கல்லை பிளாஸ்டிக் வென்றதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். ஆய்வுக்கூட இயந்திரத்திலும் செம்மறியாடுகளிலும் சோதித்த பிறகு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

இயந்திரச் சோதனையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இத்தகைய வால்வு 40 கோடி முறை இயங்கிக் காட்ட வேண்டும் என்கிறது சர்வதேசத் தரவிதி. நொடிக்கு 15 முறை இயக்கினாலும் பத்து மாதம் ஓடும். கிடைப்பதோ பத்தாண்டு உழைப்புக்கான சான்று மட்டுமே. வேகத்தை இன்னும் கூட்டினால் உடலில் நேராத தேய்மானம் நேரும். உடலுக்குள் நேர்வது எல்லாம் இயந்திரத்தில் தெரியவரும் என்ற உறுதியும் இல்லை. 1979இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற ஒரு பியோர்க்-ஷைலி வால்வு ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்குக் கம்பி முறிந்தது; முறிந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். 1986இல்தான் அது சந்தையிலிருந்து விலகியது. ஒப்புதல் தருவதில் ஏன் இத்தனை தாமதம் என்று சலித்துக்கொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கருவி தேறினாலும் அதைச் செய்து விற்க ஆள் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கையால் நாலு செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலச் செய்வது வேறு. லாபம் நிச்சயமில்லாத அந்தப் பொறுப்பை ஏற்றது, பிரஷர் குக்கரால் நமக்குத் தெரிந்த சென்னை டி.டி.கே. குழுமம். வெளிநாட்டு வால்வோடு பழகிய அறுவை நிபுணர் புதியதைக் கையில் எடுக்கத் தயங்குவார். அதை வீம்பு என்று சொல்ல முடியாது, மேசையில் கிடப்பது அவரை நம்பி வந்த உயிர். முன்பு பொருத்திக்கொண்டவர்கள் ஆண்டுக்கணக்கில் நலமாக இருப்பதைக் காட்டித்தான் அந்த நம்பிக்கையைப் பெற முடியும். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சித்ரா வால்வோடு வாழ வழி பிறந்திருக்கிறது.

இத்தகைய இயந்திர வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும், அளவு சரிதானா என்று அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். நெஞ்சைப் பிளக்காமல் தொடை நாளம் வழியே செலுத்தும் திசு வால்வுகளுக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மனிதருக்குப் பெருந்தமனி வாயிலில் அத்தகைய வால்வை முதன்முதலில் வைத்ததே 2002இல், பிரான்சில். இருபது வயதுக்காரருக்கு அது எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு இன்னும் போதிய கணக்கு சேரவில்லை.