காப்புப் பெட்டி நிறைந்துவிட்டால்...

கி.பி. 1563ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திரெந்து பொதுச்சங்கம் தன் இருபத்து நான்காம் அமர்வில் ஒரு சிறிய கட்டளையைப் பிறப்பித்தது. திருமணம் செய்துகொள்வோரின் பெயர், சாட்சிகளின் பெயர், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குக்குரு ஒரு நூலில் எழுதி, அந்நூலைத் தம்மிடம் கவனமாக வைத்துக் காக்கவேண்டும் என்பது அது. திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயரை எழுதிவைக்கும்படியும் அதே அமர்வு பணித்தது. 'எழுதுக' என்று சொன்னதோடு நில்லாது, 'காக்க' என்றும் சேர்த்துச் சொன்னார்களே, அதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் தன் 535ஆம் எண்ணில், ஒவ்வொரு பங்கிலும் பதிவேடுகள் இருக்கவேண்டும், அவற்றை வைத்துக் காக்க ஓர் ஆவணக் காப்பிடம் இருக்கவேண்டும், பழைய ஏடுகளையும் கருத்தாய்ப் பேணவேண்டும் என்று கூறுகின்றது.

இன்று பல பங்குகளில் அப்பெரிய ஏடுகளின் செய்திகள் கணிப்பொறியிலும் ஏற்றப்பட்டுள்ளன. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகனுக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமென்று தாயார் வந்து நின்றால், ஆண்டும் நாளும் அவருக்கு நினைவில்லாவிடினும், பெயரைத் தட்டிய மாத்திரத்தில் ஏட்டின் பக்க எண் கிடைத்துவிடுகிறது. நன்று. ஆனால் இந்தக் கணிப்பொறி ஒரு நாள் எழாமற் போனால்? "பேக்கப் எடுத்து வைத்திருக்கிறோம் சாமி. அது தானாகவே எடுத்துக்கொள்ளும்" என்பார் அலுவலக உதவியாளர். நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லும் விடை இதுவே. 'தானாகவே' என்னும் அச்சொல்லைப் பற்றித்தான் இங்கே சில பக்கங்கள் எழுத விரும்புகிறோம்.

பேக்கப் என்னும் காப்புப்படி நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. இடி விழுவதும் உண்டு. வைரஸ் புகுவதும் உண்டு. எனினும் ஓசையின்றி, எவருக்கும் தெரியாமல், திங்கள் கணக்கில் நின்றுகிடப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம், படியை எழுதிவைக்கும் தட்டில் இடம் தீர்ந்துபோவதே. நெல் கொட்டிக்கொண்டே இருந்தால் குதிர் நிறையாதா? நிறைந்த குதிரின்மேல் கொட்டிய நெல் தரையிற் சிதறுவதைக் கண்ணால் காணலாம். கணிப்பொறியிலோ சிதறுவது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்குச் சான்றாக உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நம் சிறுவர்கள் பார்த்து மகிழ்ந்த 'டாய் ஸ்டோரி 2' என்னும் படம் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தில் உருவாகிக்கொண்டிருந்த காலம், ஆண்டு 1998. கோப்புகளை அழிக்கும் கட்டளையொன்றை எவரோ தவறான இடத்தில் இட்டுவிட்டார். ஓரன் ஜேக்கப் என்ற தொழில்நுட்ப இயக்குநர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கதைத்தலைவனான பொம்மையின் தொப்பி மறைந்தது. பிறகு காலணி மறைந்தது. பிறகு பொம்மையே மறைந்தது. இயந்திரத்தின் மின்தொடர்பைப் பிடுங்குங்கள் என்று தொலைபேசியில் கூவினார். அதற்குள் படத்தின் தொண்ணூறு விழுக்காடு போய்விட்டது என்று அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த எட் கேட்மல் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

காப்புப்படி இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தார்கள். அது ஏறத்தாழ ஒரு திங்களாகச் சரிவர எழுதப்படவே இல்லை! படிக் கோப்பு வளர்ந்து வளர்ந்து நான்கு ஜி.பி. என்னும் உச்ச அளவைத் தொட்டதும், புதியவை ஏறாமல் நின்றுவிட்டன. இடமில்லை என்னும் எச்சரிக்கையை எழுதவேண்டிய குறிப்பேடும், ஐயோ, அந்த நிறைந்த தட்டிலேயே இருந்தது. எழுத இடமில்லாமையால் அந்த எச்சரிக்கையும் எழுதப்படவில்லை. குறிப்பேடு வெறுமையாய் இருந்ததைக் கண்டவர்கள் குறை ஒன்றும் இல்லை என்றே கருதியிருந்தனர்.

அவர்களைக் காப்பாற்றியவர் ஒரு தாய். கேலின் சஸ்மன் என்ற அம்மையார் குழந்தை பெற்றிருந்தமையால், வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் முழுப் படி ஒன்றைத் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்தார். அது இரு வாரங்களுக்கு முந்தியது. அந்த இயந்திரத்தைக் கம்பளிகளால் சுற்றி, காரின் பின்னிருக்கையில் குழந்தையைப் போல் பட்டை கட்டி அமர்த்தி, மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தனர். பின்னர் அப்படத்தின் கதையைப் பெரும்பகுதி மாற்றி, குறுகிய காலத்தில் மீண்டும் உருவாக்கி, 1999 நவம்பரில் வெளியிட்டார்கள் என்பது வேறு கதை. செல்வமும் வல்லுநர்களும் நிறைந்த இடத்திலேயே இவ்வாறெனில், பங்கு அலுவலகத்துப் பழைய மேசைக் கணிப்பொறியைப் பற்றி என்ன சொல்ல!

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

'இடம் போதவில்லை' என்ற செய்தி தோன்றினால் முதலில் கேட்கவேண்டிய வினா, எந்தத் தட்டில் இடம் போதவில்லை என்பதே. படி எழுதப்படும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலா, கணிப்பொறியின் உள்ளேயா? பெரும்பாலோர் இதைக் கேட்பதேயில்லை. கடைக்குச் சென்று பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். புதிய டிஸ்க்கிலும் அதே செய்தி வந்தபின் திகைக்கிறார்கள். விண்டோஸில் முழு இயந்திரத்தின் உருவப்படியை எடுக்கும்போது இது நேர்வதுண்டு. ஏனெனில், கணிப்பொறியின் உள் டிஸ்க்கில் நாம் காணும் 'சி' டிரைவ் தவிர, இயந்திரம் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சிறிய மறைவான பகுதி ஒன்று உண்டு. படி எடுக்கையில் அப்பகுதியிலும் சற்றுக் காலியிடம் இருக்கவேண்டும்: 500 எம்.பி.க்குக் குறைந்த பகுதியானால் 50 எம்.பி.யாவது, அதற்கு மேற்பட்டதானால் 320 எம்.பி.யாவது. அது இல்லையெனில், வெளி டிஸ்க் முழுதும் காலியாயிருந்தாலும் 'இடமில்லை' என்றே இயந்திரம் சொல்லும். அச்சிறு பகுதியைப் பெரிதாக்குவது தேர்ந்தவர் கையில் விடவேண்டிய வேலை. தாமே அழித்துப் பார்க்கலாம் என்று துணியும் இளைஞர்களைத் தாய்மார்கள் தடுத்து நிறுத்துவது நலம்.

படம் எடுத்த பிக்ஸாருக்கு வந்ததைப் போன்ற நான்கு ஜி.பி. எல்லை நம் பென் டிரைவிலும் உண்டு. கடையில் வாங்கும் பென் டிரைவ்கள் பல 'ஃபாட் 32' என்ற பழைய முறையில் அமைக்கப்பட்டவை. அம்முறையில் தனியொரு கோப்பு நான்கு ஜி.பி.க்கு மேல் போக முடியாது. அறுபது ஜி.பி. காலியாயிருந்தும் திருமணக் காணொலி ஒன்று ஏற மறுப்பது இதனால்தான். 'எக்ஸ்ஃபாட்' அல்லது 'என்.டி.எஃப்.எஸ்' முறைக்கு மாற்றினால் தீரும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பவை அனைத்தும் அழிந்துபோகும். ஆகவே முன்னதாக வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்க.

வெளி டிஸ்க்தான் உண்மையில் நிறைந்துவிட்டது என்றால், நிறைத்தது எது என்று பார்க்கவேண்டும். விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற ஏற்பாடு ஒரு மணிக்கு ஒருமுறை, மாறிய கோப்புகளின் புதுப்படியை எழுதும். பழைய படிகளை, நாம் வேறாகச் சொல்லாதவரை, என்றென்றும் வைத்துக்கொள்ளும். கண்ட்ரோல் பேனலில் அதன் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' என்ற இடத்தில் 'இடம் தேவைப்படும்வரை வைத்திரு' என்னும் பொருளுடைய தெரிவு ஒன்று உள்ளது. அதைத் தெரிந்துகொண்டால் பழையவை விலகிப் புதியவற்றுக்கு வழிவிடும். மிகப் பழைய படிகளை நீக்கும் பொத்தானும் அருகிலேயே இருக்கிறது. ஆப்பிள் கணிப்பொறியின் 'டைம் மெஷின்' பழையவற்றைத் தானாகவே நீக்கிக்கொள்ளும். ஆயினும் அதே டிஸ்க்கில் படங்களையும் பாட்டுகளையும் நாம் கொட்டி வைத்தால் அதுவும் திணறும். இன்னொன்று: டிஸ்க்கில் அழித்த கோப்புகள் உடனே போய்விடுவதில்லை. அந்த டிஸ்க்கின் குப்பைத்தொட்டியிலேயே தங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்தபிறகே இடம் மீளும்.

ஒரு டி.பி. என்று அச்சிட்ட டிஸ்க்கை வாங்கிச் செருகினால் 931 ஜி.பி.தான் தெரிகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று சிலர் நம்மிடம் முறையிட்டதுண்டு. பாவம், கடைக்காரர் குற்றமற்றவர். செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது.

மிகவும் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் முதலில் முழுப் படி ஒன்றை எடுத்து, அதன்பின் நாள்தோறும் மாறியதை மட்டும் தனித்தனிக் கோப்பாக எழுதும். இடம் வேண்டுமென்று, மிகப் பெரிதாகவும் மிகப் பழையதாகவும் தோன்றும் முதற்கோப்பை அழித்துவிட்டால், அதன்மேல் அடுக்கிய அத்தனையும் பயனற்றுப் போகும். அடித்தளக் கல்லை உருவி எடுத்தபின் சுவர் எங்ஙனம் நிற்கும்? அழிக்கவேண்டுமெனில் அம்மென்பொருளின் வழியாகவே அழிக்கவேண்டும். கோப்புறையைத் திறந்து கையால் அழிப்பது கூடாது.

நின்றுபோன படியால் விளையும் கேடு, வெறும் வேலை இழப்பு மட்டுமன்று. திருமுழுக்கு ஏடு ஒருமுறை எழுதி மூடிவைக்கும் ஏடு அல்ல. உறுதிபூசுதல், திருமணம், தத்தெடுப்பு, குருப்பட்டம், துறவிகளின் நித்திய வார்த்தைப்பாடு ஆகிய யாவும் பின்னாளில் அதன் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும், சான்றிதழிலும் காட்டப்படவேண்டும். கணிப்பொறி பழுதாகி, எட்டுத் திங்களுக்கு முன் நின்றுபோன படியிலிருந்து மீட்டெடுத்தோம் என வைத்துக்கொள்வோம். பெயர்கள் எல்லாம் இருக்கும். எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வேறொரு பங்கில் திருமணமான ஒருவர், அந்தப் படியில் மணமாகாதவராய் நிற்பார். அதை நம்பிச் சான்றிதழ் எழுதினால், ஒரு பெண்ணின் வாழ்வே ஏமாற்றத்துக்கு உள்ளாகலாம். ஆகவேதான் மூல ஏட்டைத் திறந்து பாராமல் கணிப்பொறியை மட்டும் நம்பிச் சான்றிதழ் எழுதலாகாது என்று நாம் பிடிவாதமாயிருக்கிறோம். இளைய குருக்கள் சிலர் இதைக் கேட்டு நகைக்கிறார்கள். நகைக்கட்டும்.

குடும்பங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர்களுக்கு மூல ஏடு என ஒன்று இல்லை. இறந்த தகப்பனாரின் குரலும், பிள்ளையின் முதல் நற்கருணைப் படங்களும் கைப்பேசியில் மட்டுமே உள்ளன. கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜி.பி. அதில் ஜிமெயில் கடிதங்களும், டிரைவில் வைத்த கோப்புகளும், புகைப்படங்களும் சேர்ந்தே கணக்கிடப்படுகின்றன. 2021 ஜூன் முதல் நாளுக்குப்பின் ஏற்றும் படங்கள் யாவும் இக்கணக்கில் சேரும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் வாட்ஸ்அப் காப்புப்படியும் 2024 முதல் இதிலேயே சேர்க்கப்பட்டது. இடம் நிறைந்தால் படங்கள் ஏறுவது நின்றுவிடும். கடிதங்களும் வந்து சேரா. நாள்தோறும் உறவினர் அனுப்பும் 'காலை வணக்கம்' படங்களும் நகைச்சுவைக் காணொலிகளும் அந்த இடத்தை அடைத்துக்கொள்ள, தாத்தாவின் குரலுக்கு இடமில்லாமற் போகிறது. வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' என்ற பகுதியைத் திறந்தால் பெரிய கோப்புகளை வரிசையாய்க் காட்டும். வேண்டாதவற்றை அங்கே களையலாம்.

ஆனால் கூகுள் ஃபோட்டோஸில் கைவைக்கும்போது நிதானம் வேண்டும். அங்கே ஒரு படத்தை அழித்தால், கைப்பேசியில் உள்ளதும் சேர்ந்தே போய்விடும். கைப்பேசியில் மட்டும் இடம் வேண்டுமாயின் அதற்கெனத் தனிப் பொத்தான் உண்டு. தவறி அழித்தவை அறுபது நாள் அதன் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

பங்கு அலுவலகத்துக்குத் திரும்புவோம். பதிவேட்டின் எழுத்துகள் மிகச் சிறிய இடத்தையே எடுப்பவை. முந்நூறு பக்க ஏட்டை, பக்கத்துக்கு மூன்று எம்.பி. வீதம் ஸ்கேன் செய்தாலும் ஒரு ஜி.பி.க்குள் அடங்கும். கைப்பேசியில் எடுத்த ஒரு மணி நேரத் திருவிழாக் காணொலியோ ஏறத்தாழ நான்கு முதல் எட்டு ஜி.பி. வரை விழுங்கும். தேர்ப்பவனிக் காணொலிகளையும் பதிவேட்டையும் ஒரே டிஸ்க்கில் வைப்பதால்தான் பதிவேட்டுக்கு இடமில்லாமற் போகிறது. பதிவேட்டுக்கெனத் தனி டிஸ்க் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று எழுதி முடிந்தபின் கழற்றி அலமாரியில் பூட்டப்படவேண்டும். மற்றொன்று வேறு கட்டிடத்தில், பூட்டுக்குள், இருக்கவேண்டும். இணையத்தில் ஏற்றுவதானால் ஆயர் இல்லத்தைக் கேட்டபின் செய்வதே முறை. ஏட்டில் தத்துப்பிள்ளைகளைப் பற்றிய செய்திகளும் உள்ளன.

திங்கள்தோறும் முதல் வெள்ளிக்கிழமை, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோய்த் திரும்பியபின், பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். டிஸ்க்கைச் செருகி, கடைசிப் படியின் நாள் எது, காலியிடம் எவ்வளவு என்று இரண்டையும் ஒரு காகித நோட்டில் குறிக்கவேண்டும். காகிதத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: நிறைந்த தட்டிலேயே எச்சரிக்கை அடைபட்ட கதையை மேலே கண்டோம். அடுத்து, கடந்த வாரம் சேர்த்த ஒரு பெயரை, அலுவலகக் கணிப்பொறியில் அல்லாமல் வேறொரு கணிப்பொறியில் அந்த டிஸ்க்கைச் செருகித் தேடிப் பார்க்கவேண்டும். திறந்தால் நன்று. திறவாவிடில் அன்றைக்கே ஆளை அழைக்கவேண்டும். அடுத்த முதல் வெள்ளிவரை பொறுத்தலாகாது.